மூன்று நிமிஷச் சண்டை

வேலூர் ஆஸ்பத்திரியில் ஒரு வாரம் என்னைக் குத்தினார்கள், ஊதச் சொன்னார்கள், படம் பிடித்தார்கள். கடைசியில் என் உடம்பில் தேறியது இரண்டே சாமான்தான். இரண்டும் சிறுநீரகம். நுரையீரலைப் பற்றி டாக்டர் உமைமா எதுவும் சொல்லவில்லை. படத்தை வெளிச்சத்துக்கு நேராகத் தூக்கிப் பார்த்துவிட்டு மெதுவாக உறைக்குள் போட்டுவிட்டார். எனக்கு அது போதும். ஆம்பூரில் ஒரு தோல் தொழிற்சாலையில் இருபத்திரண்டு வருஷமாக நான் செலக்டர். பதப்படுத்தி வரும் தோலை மேஜையில் விரித்து, விரலால் தடவி, மடித்துப் பார்த்து, உண்ணி கடித்த தழும்பு, முள் கீறல், அம்மை வடு எல்லாவற்றையும் கண்டுபிடித்து, இது முதல் தரம், இது மூன்றாம் தரம் என்று பிரிக்கிற வேலை. எதற்கும் உதவாத தோல் வந்தால் நானும் அப்படித்தான், வாயைத் திறக்காமல் ஓரமாகப் போடுவேன்.

சிறுநீரகம் தேவைப்பட்டது என் அக்கா ஆரோக்கியமேரிக்கு. அவள் என்னிடம் கேட்டாள் என்று சொன்னால் கோபித்துக்கொள்வாள். அவள் யாரிடமும் எதையும் கேட்கிற ஆள் இல்லை. ஷூ கம்பெனியில் நாற்பது தையல் மெஷினுக்குச் சூப்பர்வைசராக இருந்தவள். அவள் நிமிர்ந்து பார்த்தாலே ஊசி நேராகப் போகும் என்பார்கள். இரண்டு வருஷத்துக்கு முன் கால் வீங்கியது. இப்போது வாரத்துக்கு இரண்டு நாள், செவ்வாயும் வெள்ளியும், வேலூர் போய் நாலு மணி நேரம் டயாலிசிஸ் மெஷினோடு கட்டுண்டு கிடக்கிறாள். மாமாவின் ரத்த வகை பொருந்தவில்லை. மகள் இன்னும் பள்ளிக்கூடம் முடிக்கவில்லை. மிச்சம் இருந்தது நான். தரம் பார்த்து எடுக்க அவளுக்கு வேறு சரக்கு இல்லை.

டாக்டர் போட்ட நிபந்தனை ஒன்றே ஒன்று. ஆபரேஷனுக்கு முன் எட்டு வாரம் புகையிலை என்று பேர் வருகிற எதுவும் உடம்புக்குள் போகக்கூடாது. நாலாவது வாரம் ஒரு ரத்தப் பரிசோதனை, எட்டாவது வாரம் இன்னொன்று. இரண்டிலும் சுத்தமாக இருந்தால்தான் கத்தி. ஒன்றில் மாட்டினாலும் திரும்ப முதலிலிருந்து எட்டு வாரம்.

நான் கம்பீரமாகச் சரி என்றேன். அக்கா என் பக்கம் திரும்பவே இல்லை.

"எட்டு வாரமா? இவன் ராத்திரி தூங்கறதே நடுவுல எழுந்து ரெண்டு பத்த வச்சிட்டுத்தான் டாக்டர். வேற எதுனா ஆடு மாடு கிட்னி பொருந்துமான்னு பாருங்க."

ஒரு நாளைக்கு ஒரு பாக்கெட். பத்தொன்பது வயதில் தொடங்கியது. அன்றிலிருந்து நான் ஏழு தடவை நிறுத்தியிருக்கிறேன். அதில் மிக நீண்டது என் கல்யாணத்தன்று காலை ஆறு மணியிலிருந்து தாலி கட்டும் வரை. அப்படிப்பட்டவனை நம்பித்தான் ஒரு உயிர் மெஷினில் சுற்றிக்கொண்டிருந்தது.

மே மாதம் முதல் வாரம் நிறுத்தினேன். வேலூர்ப் பக்கம் அக்னி நட்சத்திரத்தில் ஒரு மனிதன் புதிதாக ஒரு கஷ்டத்தைத் தொடங்கக்கூடாது. ஆளாளுக்கு வைத்தியம் சொன்னார்கள். கிராம்பைக் கடித்தேன், நாக்கு மரத்துப்போய் மேனேஜரோடு பேசும்போது குடித்தவன் மாதிரி இருந்தது. வேர்க்கடலை கொறித்தேன், மூன்றாம் நாள் பேன்ட் பட்டன் தெறித்தது. பட்டை ஒன்றை விரலிடுக்கில் சிகரெட் மாதிரி வைத்துக்கொண்டேன். பழக்க தோஷத்தில் அதைப் பற்ற வைத்துவிட்டேன். மருந்துக் கடையில் விற்கிற நிகோடின் சூயிங்கத்தை முதல் வாரம் மட்டும் மெல்லலாம் என்று டாக்டர் அனுமதித்திருந்தார். மெதுவாக மென்று கன்னத்தில் ஒதுக்கி வைக்கவேண்டுமாம். நான் கறி மெல்லுகிற மாதிரி மென்றேன். ஒரு மணி நேரம் விக்கல். செலக்‌ஷன் மேஜையில் நான் விக்கிய ஒவ்வொரு விக்கலுக்கும் ஒரு நல்ல தோல் மூன்றாம் தரத்தில் போய் விழுந்தது. மேனேஜர் இஷ்தியாக் அகமது வந்து ஒரு தோலை எடுத்து ஜன்னல் வெளிச்சத்தில் பார்த்தார், என்னைப் பார்த்தார், நீங்களே அதைத் திரும்ப ஒருதரம் பாருங்கள் என்று மரியாதையாகச் சொல்லிவிட்டுப் போனார். அந்த மரியாதைதான் தாங்கவில்லை.

உருப்படியான வைத்தியம் அக்காவிடமிருந்து வந்தது. புகைக்கிற ஆசை வந்தால் மூன்றிலிருந்து ஐந்து நிமிஷம்தான் உச்சத்தில் நிற்கும், அதைத் தாண்டிவிட்டால் அதுவாக இறங்கிவிடும் என்று டாக்டர் சொல்லியிருந்தார். அக்கா அதைப் பிடித்துக்கொண்டாள். ஆசை வந்தால் உடனே எனக்குப் போன் போடு, மூணு நிமிஷத்தை நான் பார்த்துக்கொள்கிறேன் என்றாள்.

முதல் நாள் போட்டேன். எப்படி இருக்கிறாய், சாப்பிட்டாயா என்று அன்பாகப் பேசினோம். ஒரு நிமிஷம்கூட ஓடவில்லை. எங்கள் குடும்பத்தில் அன்புக்கு அவ்வளவுதான் பேச்சு. மௌனம் விழுந்தது, மௌனத்துக்குள் சிகரெட் தெரிந்தது. அப்போது அக்கா, அம்மாவின் தையல் மெஷினை நீ வாங்கிக்கொண்டு போனாயே, உன் பெண்டாட்டி அதில் ஒரு தலையணை உறையாவது தைத்தாளா என்றாள். எனக்குச் சுர்ரென்று ஏறியது. அந்த மெஷினை நான் ஒன்றும் வாங்கிக்கொண்டு போகவில்லை, நீதான் இடமில்லை என்று தள்ளிவிட்டாய் என்று தொடங்கினேன். போனை வைத்துப் பார்த்தால் ஆறு நிமிஷம். ஆசை எந்த வழியாக எழுந்து போனதென்றே தெரியவில்லை.

அன்றிலிருந்து எங்கள் மருந்து சண்டைதான். காலை டீக்கு ஒரு சண்டை, பதினொரு மணிக்கு ஒன்று, வேலை விட்டதும் ஒன்று. என் கல்யாணத்தில் மாமாவுக்குப் போட்ட இலையில் வடை இல்லாதது. அப்பா இறந்தபோது நான் லேட்டாக வந்தது. அவள் என்னைப் பார்த்துக் காப்பியடித்ததாக நானும், நான் அவளைப் பார்த்துக் காப்பியடித்ததாக அவளும் சொல்லும் ஏழாம் வகுப்புக் கணக்குப் பரீட்சை. அவள் என்னைவிட மூன்று வகுப்பு மேலே என்பது இரண்டு பேருக்குமே ஞாபகம் வரவில்லை. டயாலிசிஸில் இருக்கும்போதும் எடுப்பாள். பின்னால் மெஷின் கிர்ரென்று ஓடும். பக்கத்துக் கட்டில்காரர்கள் எங்கள் சண்டைக்காகவே செவ்வாய்க்கிழமைக்குக் காத்திருப்பதாக நர்ஸ் சொன்னாளாம்.

எல்லாம் சரி, மதியச் சாப்பாட்டுக்குப் பிறகு வருகிற ஆசைக்கு மட்டும் சண்டை போதவில்லை. அது ஆசை இல்லை, கால் பழக்கம். தொழிற்சாலை கேட்டுக்கு எதிரே தபரேஸின் பீடாக் கடை. இருபது வருஷமாக மதியம் ஒன்றே முக்காலுக்கு அங்கே நின்று ஒரு சிகரெட் பிடித்திருக்கிறேன். என் கால்கள் தாமாகவே அங்கே போய் நின்றன. தபரேஸ் என்னைவிடப் பத்து வயது சின்னவன், பெரிய உடம்பு, குழந்தை மனசு. விஷயத்தைக் கேள்விப்பட்டதும், இனி என் கடையில் உனக்குச் சிகரெட் கிடையாது, அந்த அக்காவுக்காக அல்லா பேரில் சத்தியம் என்று சொல்லிவிட்டு ஒரு இனிப்பு பீடா மடித்துக் கொடுத்தான். குல்கந்து, சோம்பு, கொப்பரைத் துருவல், மேலே ஒரு செர்ரி. நல்லாத்தான் இருந்தது. ஆனால் என் கை அதை வாங்கும்போது ஆடியது. கண்ணில் தண்ணீர் வேறு. அது வெயில் என்று சொன்னேன். அவன் என் கையையே பார்த்துக்கொண்டிருந்தான்.

ஐந்தாம் நாளிலிருந்து அற்புதம் நடந்தது. பீடா ருசியாக இருந்தது என்பது ஒரு பக்கம். அதைப் போட்டதும் மனசு அப்படியே கால் நீட்டிப் படுத்தது. கை நடுக்கம் நின்றது. உண்ணித் தழும்பு தெரிந்தது, முள் கீறல் தெரிந்தது, இஷ்தியாக் பாய் முகத்தில் சிரிப்பு தெரிந்தது. மதியம் ஒன்று போதாதென்று காலையில் ஒன்று, வீட்டுக்குப் போகும்போது ஒன்று என்று மூன்று பீடா ஆனது. அக்காவுக்குப் போடும் போன் குறைந்தது. ஒரு நாளைக்குப் பத்து இருந்தது நாலாகி, இரண்டாகி, சில நாள் மறந்தே போனேன். அவளாகக் கூப்பிட்டு, இன்னாடா, ஆசையே வரலையா என்று கேட்டபோது, எல்லாம் மன உறுதி அக்கா, உனக்குப் புரியாது என்றேன்.

மன உறுதி என்ற வார்த்தை எனக்குப் பிடித்துப்போய்விட்டது. யார் கேட்டாலும், கேட்காவிட்டாலும் சொன்னேன். பஸ்ஸில் பக்கத்தில் பீடி நாற்றம் அடித்தவரிடம் சொன்னேன். மாதாகோயில் வாசலில் சாமியாரிடமே சொன்னேன். மே முப்பத்தொன்று, புகையிலை ஒழிப்பு நாள் என்று கம்பெனி கேன்டீனில் கூட்டம் போட்டார்கள். மேடை ஏற்றி என்னைப் பேசச் சொன்னார்கள். முந்நூறு பேர். மனிதனுக்குள்ளே ஒரு சிங்கம் தூங்குகிறது, அதை எழுப்பினால் போதும் என்று நான் பேசினேன். வாயில் பீடா இருந்ததால் சிங்கம் கொஞ்சம் குழறியது. பொன்னாடை போர்த்தினார்கள். அந்த வெயிலில் பொன்னாடையோடே வீட்டுக்குப் போனேன்.

அதற்கடுத்த வெள்ளிக்கிழமை, எங்கள் கம்பெனி லீவு நாள், அக்காவோடு வேலூர் போனேன். இரண்டு நாளுக்கு முன் கொடுத்த ரத்தத்தின் முடிவு வந்திருந்தது. டாக்டர் உமைமா தாளைப் பார்த்தார். தப்பு செய்த பிள்ளையிடம் பேசுகிற மாதிரி மெதுவாகக் கேட்டார், எப்போதாவது ஒன்று இரண்டு பிடித்தீர்களா, பரவாயில்லை சொல்லுங்கள் என்று. நான் சிரித்தேன். அவர் சிரிக்கவில்லை. ரத்தத்தில் நிகோடினின் தடம் இருக்கிறது, கொஞ்சம் இல்லை, நன்றாகவே இருக்கிறது என்றார்.

நான் பைபிள் மேல் சத்தியம் செய்தேன். என் பிள்ளைகள் மேல் செய்தேன். மெஷின் தப்பு என்றேன், ரத்தம் எடுத்த குழாய் மாறிவிட்டது என்றேன். பொய்யே பேசி வளர்ந்தவன் உண்மை பேசும்போது அதுவும் பொய் மாதிரியேதான் ஒலிக்கிறது. வேறு குரல் கைவசம் இல்லை. டாக்டர் ஆபரேஷன் தேதியை அடித்துவிட்டு அன்றிலிருந்து எட்டு வாரம் தள்ளி எழுதினார். அக்காவுக்கு இன்னும் பதினாறு தடவை மெஷின்.

திரும்பி வரும் பஸ்ஸில் பள்ளிகொண்டா டோல்கேட் தாண்டியது, மாதனூர் தாண்டியது. நான் தையல் மெஷினை இழுத்தேன், வடையை இழுத்தேன். எதற்கும் அக்கா சண்டைக்கு வரவில்லை. ஆம்பூரில் இறங்கும்போதுதான் வாயைத் திறந்தாள்.

"கிட்னி நான் கேக்கலடா தானி. நீயா வந்து குடுக்கறேன்ன. முடியலன்னா முடியலன்னு சொல்லிட்டுப் போயிருக்கலாம். பொன்னாட போத்திக்கினு வந்து நின்னியேடா."

சனிக்கிழமை போன் போட்டேன். எடுக்கவில்லை. ஞாயிறு ஏழு தடவை போட்டேன். மாமா எடுத்து, அவளுக்கு உடம்பு சரியில்லை, அப்புறம் பேசு என்றார். பீடாவையும் தொடவில்லை; சோறே இறங்கவில்லை. ஞாயிறு மதியத்திலிருந்து பிடித்துக்கொண்டது ஆசை. மூன்று நிமிஷம், ஐந்து நிமிஷமெல்லாம் இல்லை. பல்லுக்குள், முழங்காலுக்குள், மயிர்க்காலுக்குள் ஆசை. என் மன உறுதி எங்கே போனதென்று தேடினேன். சிங்கம் ஊரிலேயே இல்லை.

திங்கள் சாயங்காலம் நேரே தபரேஸ் கடைக்குப் போனேன். ஒரு சிகரெட் கொடு என்றேன். மாட்டேன் என்றான். கொடுடா, பிடிக்காமலே பிடித்தவன் என்று பேர் வாங்கியாயிற்று, பிடித்துவிட்டாவது வாங்கிக்கொள்கிறேன் என்று எல்லாவற்றையும் கொட்டினேன். ரத்தப் பரிசோதனை, தேதி தள்ளிப்போனது, அக்கா போன் எடுக்காதது. வெற்றிலைக்குச் சுண்ணாம்பு தடவிக்கொண்டிருந்த அவன் விரல் நின்றது.

"அண்ணே, அந்த டெஸ்ட்டுல சிகரெட்டு மட்டும்தான் தெரியுமா?"

"புகையிலைன்னா எதா இருந்தாலும் தெரியும். ஏன்?"

அவன் கடைக்குள் குனிந்தான். பலகைக்கு அடியிலிருந்து சின்னதாக ஒரு வெள்ளி நிற டப்பாவை எடுத்து என் முன்னால் வைத்தான். திறந்தேன். ஏலக்காயும் குங்குமப்பூவும் கலந்த வாசனை. உள்ளே கறுப்பாகக் களிம்பு.

"கிமாம்ணே. புகையிலைய காய்ச்சி எடுக்கறது. கடையில விக்கறது இல்ல. மாமனார் பெங்களூர்லேர்ந்து எனக்குன்னு குடுத்தது. உன் கை அன்னிக்கு ஆடிச்சு பாரு, என்னால பாக்க முடியல. ஒரு விரல் நுனி தடவுனேன். மறுநாள் நீ நல்லா இருந்த. சரி, அண்ணனுக்கு ஒத்துக்கிச்சுன்னு தெனம் போட்டேன்."

எனக்கு அவனை அடிக்கவேண்டும் போல இருந்தது. ஆனால் அவன் கண் நிறைந்து நின்றது. தனக்கென்று ஒளித்து வைத்திருந்ததை ஒரு மாதமாக எனக்கு ஊட்டியிருக்கிறான். ஒரு பைசா கூடுதலாக வாங்கவில்லை. இப்படி ஒரு பாவத்தை எந்தக் கணக்கில் எழுதுவதென்று எனக்குத் தெரியவில்லை. அதைவிட என்னைச் சுட்டது வேறு. என் மன உறுதி, என் சிங்கம், என் பொன்னாடை, எல்லாம் அந்தச் சின்ன டப்பாவுக்குள் கறுப்பாக உட்கார்ந்திருந்தது.

கடையைச் சாத்தச் சொன்னேன். டப்பாவும் கையுமாக அவனை வண்டியில் ஏற்றிக்கொண்டு கஸ்பாவிலிருக்கும் அக்கா வீட்டுக்குப் போனேன். மாமா கதவைத் திறந்தார். அக்கா நாற்காலியில் காலைத் தூக்கி ஸ்டூலில் வைத்திருந்தாள். முகம் உப்பியிருந்தது. மூச்சு மேலோடு மேலாக வந்தது. தபரேஸ் வாசல்படியிலேயே நின்று, பாதி உருதுவும் பாதித் தமிழுமாக, தலையைக் குனிந்துகொண்டே சொல்லி முடித்தான். அக்கா டப்பாவை வாங்கி மோந்து பார்த்தாள். பிறகு என்னைப் பார்த்தாள். நாற்பது மெஷினை நேராக ஓட வைத்த அதே பார்வை.

"தோல தொட்டே ஆட்டுக்கு இன்னா நோவுன்னு சொல்லுவேன்னு பீத்திக்குவ. ஒரு மாசமா வாய்க்குள்ள புகையில இருந்துக்கிது, தெரியல?"

"ஏலக்கா வாசம்தான்கா வந்துச்சு."

அவள் சிரிக்க ஆரம்பித்தாள். சிரிப்பு நிற்கவில்லை. வயிற்றைப் பிடித்துக்கொண்டு சிரித்து, சிரிப்பு இருமலாகி, இருமல் மூச்சுத் திணறலாகி, மாமா ஓடி வந்து முதுகைத் தடவினார். அப்போதுதான் நாற்காலிக்குப் பின்னால் இருந்த பாட்டில்களைப் பார்த்தேன். சிறுநீரகம் வேலை செய்யாதவர்கள் இஷ்டத்துக்குத் தண்ணீர் குடிக்கக்கூடாது. உள்ளே போவது வெளியே வராமல் காலிலும் நெஞ்சிலும் தேங்கிவிடும். அக்காவுக்கு ஒரு நாளைக்கு முக்கால் லிட்டர்தான், மாத்திரை முழுங்குவதும் சேர்த்து. அங்கே லிட்டர் பாட்டில் நாலு காலியாகக் கிடந்தது.

எத்தனை நாளாக இப்படி என்று கேட்டேன். வெள்ளிக்கிழமையிலிருந்து என்றார் மாமா. நான் அவளைத் திட்ட வாயெடுத்தேன்.

"உனக்கு மட்டும்தான் மூணு நிமிஷமாடா?" என்றாள் அக்கா. "இந்த வெயில்ல நாக்கு அண்ணத்துல ஒட்டிக்கும். பானைய பாத்துக்கினே உக்காந்திருப்பேன். அந்த நேரம் பாத்து நீ போன் பண்ணுவ. உன்ன திட்டி முடிக்கறதுக்குள்ள தாகம் போய்டும். நீ மன உறுதின்னு போன நிறுத்தன. அப்பவே எனக்கு ஒரு சொம்பு, ரெண்டு சொம்பு ஜாஸ்தியாச்சு. வெள்ளிக்கிழமக்கு அப்பறம் கோவத்துல நானே போன எடுக்கல. அவ்ளோதான்."

அவளுடைய மூன்று நிமிஷத்தை நான் ஒரு தடவைகூடக் கேட்டதில்லை. அவள்தான் மருந்து, நான்தான் நோயாளி என்று நினைத்துக்கொண்டிருந்தேன். தபரேஸ் வாசலில் நின்று சத்தமாக மூக்கைச் சிந்தினான்.

மறுநாள் டயாலிசிஸில் அவள் உடம்பிலிருந்து நாலரைக் கிலோ தண்ணீர் எடுத்தார்கள். நான் லீவு போட்டுக் கூடவே இருந்தேன். தபரேஸும் சாட்சி சொல்ல வந்தான். டாக்டர் உமைமா டப்பாவைத் திறந்து பார்த்தார், ஃபைலை முகத்துக்கு நேராகப் பிடித்துக்கொண்டார், தோள் குலுங்கியது. எங்கள் வீட்டுக் கல்யாணங்களில் இதை நானும் பார்த்திருக்கிறேன் என்றார். ஆனாலும் எட்டு வாரம் எட்டு வாரம்தான். நோயாளிகளுக்குக் கொடுக்கும் தாளில், கூடாதவை என்ற பட்டியலின் அடியில் பேனாவால் 'பீடா' என்று சேர்த்தார். மருத்துவத்துக்கு என் பங்கு அது.

கேன்டீனில் நானே எழுந்து நின்று விஷயத்தைச் சொன்னேன். முந்நூறு பேரும் சிரித்து முடிக்க ஒரு வாரம் ஆனது. எனக்குக் கிமாம் தானி என்று பேர் வைத்தார்கள். அது இன்னும் போகவில்லை. பொன்னாடையைத் திருப்பிக் கொடுக்கப் போனேன், இஷ்தியாக் பாய் வாங்கிக்கொள்ளவில்லை. நிஜமாக நிறுத்தும்போது திரும்பவும் ஒன்று வாங்கச் செலவாகும், நீங்களே வைத்திருங்கள் என்றார்.

நிஜமாக நிறுத்துவது அந்த வாரம்தான் தொடங்கியது. முதல் பத்து நாளைப் பற்றி என் மனைவியிடம் கேளுங்கள். நான் சொன்னால் எனக்குச் சாதகமாகச் சொல்வேன். தோலெல்லாம் தழும்பாகத் தெரிந்தது. இஷ்தியாக் பாய் என் பக்கத்தில் இன்னொரு செலக்டரை நிறுத்தி, நான் தள்ளிய தோலையெல்லாம் அவரைத் திரும்பப் பார்க்கச் சொன்னார். இந்தத் தடவை போன் இரண்டு பக்கமும் அடித்தது. அவளுக்குத் தாகம் என்றால் அவள் போடுவாள், எனக்கு என்றால் நான். "டேய், பானைய பாத்துட்டேன், எதுனா சொல்லு" என்பாள். நான் அவள் சமைத்த மீன் குழம்பைப் பற்றி எதையாவது சொல்வேன். டயாலிசிஸ் முடிந்து அவள் தூங்குகிற நேரத்துக்குத் தபரேஸை மாற்று ஏற்பாடாக வைத்தோம். அது சரிப்படவில்லை. அவனோடு சண்டை போட முடியவில்லை. எதைச் சொன்னாலும் மன்னிப்புக் கேட்டான்.

இரண்டே வாரத்தில் ஒரு பெரிய ஆபத்து வந்தது. சண்டைக்குச் சரக்குத் தீர்ந்துவிட்டது. தையல் மெஷின் தேய்ந்துபோயிருந்தது. வடை எடுபடவில்லை. அப்பா விஷயத்தில் நான் செய்தது தப்புதான் என்று ஒரு பலவீனமான நேரத்தில் ஒத்துக்கொண்டுவிட்டேன், அதனால் அதுவும் போயிற்று.

பத்தொன்பதாம் நாள். ராணிப்பேட்டையிலிருந்து ரசாயனம் ஏற்றி வந்த லாரி டிரைவர், என்னைப் பற்றி எதுவும் தெரியாத மனிதர், நட்பாக ஒரு சிகரெட்டை நீட்டினார். என் கை வாங்கிவிட்டது. லைட்டரையும் வாங்கிவிட்டது. இடது கையால் அக்காவுக்குப் போன் போட்டேன். செவ்வாய்க்கிழமை. பின்னால் மெஷின் ஓடியது. கையில் சிகரெட் இருக்கிறது, சண்டை போடு என்றேன். அவளுக்குக் களைப்பு. என்னத்தடா போடுறது, எல்லாம் போட்டாச்சு என்றாள். இரண்டு பேரும் யோசித்தோம். லைட்டர் என் விரலில் சூடாகியிருந்தது. எனக்கு வேறு வழி தெரியவில்லை. நாற்பது வருஷமாகக் கட்டிக்காத்ததை எடுத்தேன்.

"க்கா. மாதாகோயில்ல நடந்த உன் முதல் நற்கருணைக்கு வாங்கன வெள்ள ஷூ காணாம போச்சே."

"பக்கத்து வீட்டு நாய் தூக்கிட்டுப் போச்சு."

"நாய் இல்லக்கா. நான்தான். அப்பா வேல செஞ்ச எடத்துல சாயத் தொட்டில போட்டேன். செவப்பாவுமான்னு பாக்கலாம்னு."

அவ்வளவுதான், அவள் ஆரம்பித்தாள். நான் வெறுங்காலோட கோயிலுக்குப் போனேன்டா என்று ஆரம்பித்தாள். அந்த நாய்க்கு மூன்று மாதம் சோறு போடாததிலிருந்து, அம்மாவிடம் வாங்கிய அறையிலிருந்து, அன்றைக்கு எடுத்த போட்டோவில் தன் காலை மறைத்துக்கொண்டு நிற்பதுவரை, பதினோரு நிமிஷம். நடுவில் நர்ஸ் வந்து ரத்த அழுத்தம் ஏறுகிறது என்றது கேட்டது. அவளையும் இருக்கச் சொல்லிவிட்டுத் தொடர்ந்தாள். போனை வைத்தபோது என் வலது கையில் சிகரெட் தூள் தூளாக இருந்தது. டிரைவர் போய்விட்டிருந்தார். லைட்டர் என்னிடமே இருந்தது.

அதற்குப் பிறகு சரக்குக்குப் பஞ்சம் இல்லை. நான் ஒத்துக்கொள்ளவேண்டியது இன்னும் நிறைய இருந்தது. அவளிடமும் கொஞ்சம் இருந்ததென்று ஜூலையில்தான் தெரிந்தது. பத்தாம் வகுப்பில் என் பேருக்கு வந்த ஒரு கடிதத்தை அவள் என்ன செய்தாள் என்பதை என் மனைவி வீட்டில் இல்லாத நாளில்தான் சொல்லமுடியும்.

நாலாவது வாரப் பரிசோதனையில் சுத்தமாகத் தேறினேன். ஆகஸ்ட் முதல் வாரம் எட்டாவது வார ரத்தம் கொடுத்தேன். முடிவு வந்த வெள்ளிக்கிழமை டாக்டர் தாளைப் பார்த்தார். என் முகத்தைப் பார்க்காமல் அக்காவைப் பார்த்துத் தலையாட்டினார். அக்கா தாளை வாங்கி, தைத்து முடித்த ஷூவைப் பார்ப்பதுபோல் முன்னும் பின்னும் திருப்பிப் பார்த்தாள். என் கையைப் பிடித்து மோந்து பார்த்தாள், இரண்டு விரலையும். பிறகு விடவே இல்லை.

ஆபரேஷன் முடிந்து நாலாம் நாள் என்னை நடக்கச் சொன்னார்கள். இடுப்பைப் பிடித்துக்கொண்டு அவள் அறைவரை போனேன். தொற்று வந்துவிடக்கூடாதென்று உள்ளே விடவில்லை. கண்ணாடிக்கு அந்தப் பக்கம் முகமூடியைத் தாடைக்கு இறக்கிவிட்டு உட்கார்ந்திருந்தாள். முகத்தின் உப்பல் வடிந்து, பழைய ஆரோக்கியமேரி எலும்பும் கண்ணுமாகத் தெரிந்தாள். முன்னால் மேஜையில் மூன்று லிட்டர் பாட்டில். புதுச் சிறுநீரகத்துக்கு நிறையக் குடிக்கவேண்டுமாம், ஒரு நாளைக்கு மூன்று லிட்டர்.

அங்கே நின்றபோது எனக்கு ஆசை வந்தது. கொடுக்கவேண்டியதைக் கொடுத்தாயிற்று, இனி யாரும் ரத்தம் எடுக்கப்போவதில்லை, கேட்டுக்கு வெளியே நாலு கடை இருக்கிறது என்று அது சொன்னது. நல்ல தர்க்கமாகவே பேசியது. நான் போனை எடுத்தேன். கண்ணாடிக்கு அந்தப் பக்கம் அவள் போன் அடித்தது. அவள் வாய் நிறையத் தண்ணீர். ஒரு விரலைத் தூக்கி இரு என்றாள். முழுங்கினாள்.

"வருதாடா?"

"வருதுக்கா."

"வரட்டும். மொதல்ல இத கேளு. எப்பேர்ப்பட்ட கிட்னிடா குடுத்துக்கிற நீ? ராத்திரி முழுக்க மணிக்கு ஒருதரம் எழுப்பிவிடுது. ஒரு நிமிஷம் சும்மா கெடக்குதா? வச்சிருந்தவன் புத்தி அப்படியே."

"புடிக்கலன்னா திருப்பிக் குடு."

"குடுக்கறேன் வா, உள்ள வந்து எடுத்துக்க. எடது பக்கத்த தள்ளிவிட்டுட்டு நல்லத நீயே வச்சிக்கிட்ட. உன்ன எனக்குத் தெரியாதா?"

டாக்டர்தான் எடுத்தார், நானா எடுத்துக் கொடுத்தேன் என்று குரலை உயர்த்தினேன். தையல் போட்ட இடம் இழுத்தது. உள்ளேயிருந்து நர்ஸ் வாயில் விரலை வைத்துக் காட்டினாள். அக்கா அவளைக் கண்டுகொள்ளாமல் அடுத்த பாட்டிலின் மூடியைத் திருகிக்கொண்டே, அம்மாவின் மெஷினைப் போலத்தான் இதையும் தள்ளிவிட்டாய் என்றாள். என்னை வார்டுக்குத் திரும்பக் கூட்டிப்போக ஆள் வந்தபோது கால் மணி நேரம் ஆகியிருந்தது. நாங்கள் இன்னும் முடிக்கவில்லை.